பதினேழாவது கம்பி

பக்கத்துல யாராச்சும் இருக்கீங்களா? வளையல் சத்தம் கேட்டுச்சு, அதான் கேட்டேன். சொட்டு மருந்து விட்ட பொண்ணு கண்ணத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்குது. கண்ணு பாப்பா விரியணுமாம், முக்கா மணி நேரம் ஆவுமாம். மூணு தடவை விட்டாச்சு, இன்னும் விரியலைங்கறாங்க. எரியுது. நீங்க யாருக்கும்மா வந்தீங்க? மாமியாருக்கா. உள்ள போயிருக்காங்களா? சரி, அப்ப நீங்களும் உக்காரணும், நானும் உக்காரணும்.

எனக்குப் பேர் முனிரத்னா. பொறந்தது ஓசூர் பக்கம், வாக்கப்பட்டது சேலம். ரெண்டு கண்ணுலயும் பொரை. அம்பது வயசுக்கே பொரையான்னு நீங்களும் கேக்காதீங்க, கேட்டுக் கேட்டு எனக்குச் சலிச்சுப் போச்சு. எங்க வூட்டுக்காரர்தான் கூட்டிட்டு வந்தாரு. டீ வாங்கப் போயிருக்காரு. போயி ரொம்ப நேரமாச்சு. அவர் அப்படித்தான், போனா போன எடம். இங்க உக்காந்தாலும் ஒண்ணும் பேசப் போறதில்ல. பன்னெண்டு வருஷமா எங்க வூட்ல பேச்சு கொறைவுங்க. சண்டையெல்லாம் இல்ல. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, கதவு சாத்தியாச்சா. அவ்வளவுதான். ஒரு வேலை கை விட்டுப் போச்சுன்னு ஒரு மனுசன் பன்னெண்டு வருஷம் மொகத்தத் தூக்கி வெச்சிருப்பாரா? சொல்லுங்க பாக்கலாம்.

என்ன வேலையா? சொல்றேன். எப்படியும் கண்ணத் தொறக்க முடியாது. காலைலேருந்து எனக்கு மனசும் ஒரு நெலையில இல்ல. உங்க மொகம் எனக்குத் தெரியல, அதுவும் நல்லதுதான்.

கல்யாணத்துக்கு முன்னாடி நான் ஓசூர்ல ஒரு டிவி கம்பெனில இருந்தேன். சால்டரிங் லைன். டிவிக்குள்ள பச்சையா ஒரு போர்டு இருக்கும் பாத்திருக்கீங்களா, அதுல பொடிப் பொடியா சாமானெல்லாம் ஒட்டியிருக்கும். அத ஈயத்த உருக்கி ஒட்ட வெக்கற வேலை. ஏழு வருஷம். லைன்ல நாப்பது பொண்ணுங்க, ரொம்பப் பொடியா வர்ற வேலையெல்லாம் சூப்பர்வைசர் எங்கிட்டதான் குடுப்பாரு. பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான்னு வெச்சுக்கோங்களேன். எனக்குன்னு பெருமையா சொல்லிக்க வேற என்ன இருக்குது?

அப்புறம் கல்யாணம். இவர் பேரு மாதேஸ்வரன். சேலத்துல டிவி, டெக்கு ரிப்பேர் கடை. ரிப்பேர்னு போர்டுல எழுதியிருக்குமே தவிர இவருக்குக் கை வராதுங்க. வாய்தான் வரும். நல்ல வாய். அழுதுட்டு வந்தவனக்கூட சிரிக்க வெச்சு அனுப்புவாரு. ரிப்பேரு பாக்க ஒரு ஆள வெச்சிருந்தாரு, அந்த ஆளு வேலைய விட்டுட்டுப் போனான். ரெண்டு நாள் கடை சும்மா கெடந்துச்சு. மூணாம் நாளு நான் உள்ள போயி ஒரு டிவியப் பிரிச்சேன். இவர் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. படம் வந்ததும், "அடிப்பாவி, இத ஏன்டி முன்னாடியே சொல்லல?"ன்னு கேட்டாரு. நீங்க எங்க கேட்டீங்கன்னு நான் சொன்னேன். அப்படி சிரிச்சுக்கிட்டு இருந்த ஆளுதாங்க.

அப்பத்தான் வீடியோ கேம் பெட்டி வந்துச்சு. டிவில மாட்டி வெளையாடறது. துபாய்லேருந்து, சிங்கப்பூர்லேருந்து வர்றவங்க புள்ளைங்களுக்கு வாங்கிட்டு வருவாங்க. வாங்கி வந்த பொறவுதான் தெரியும், அதுல போடற ஒரிஜினல் சிடிக்குச் சொத்த எழுதி வெக்கணும்னு. கடைவீதில காப்பி சிடி கெடைக்கும், ஆனா பெட்டி அதப் படிக்காது. உள்ள ஒரு பூட்டு வெச்சிருக்கான் கம்பெனிக்காரன். காப்பி சிடி போட்டா டிவி பூரா செவப்பாயிடும், படிக்க முடியலன்னு இங்கிலீஷ்ல எழுத்து வரும். அந்தப் பூட்டத் தொறக்கறதுக்கு ஒரு சிப்பு உண்டு. கட்டவெரல் நகம் அளவுதான் இருக்கும். அத பெட்டிக்குள்ள வெச்சு, மயிரு மாதிரி கம்பி இருவத்தொண்ணு இழுத்து, போர்டுல கறுப்பா பூச்சி மாதிரி இருக்கற ஐசியோட காலுங்கள்ல ஒவ்வொண்ணா ஒட்டணும். ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் எடையில எறும்பு நொழைய முடியாது. ஈயம் ஒரு துளி பக்கத்துக் காலத் தொட்டுச்சுன்னா பெட்டி செத்துச்சு. திருட்டு வேலைதானேன்னு கேப்பீங்க. ஆமாங்க. அப்ப அது எங்களுக்குத் தப்பாத் தெரியல. பெட்டி அவங்களது, பூட்டத் தொறந்து விடுன்னு கேக்கறாங்க, தொறந்து விட்டோம். அவ்வளவுதான் யோசிச்சோம்.

மொத பெட்டி நான் போட்டப்போ இவர் பக்கத்துல உக்காந்து லென்ஸ் வெளக்கப் புடிச்சுக்கிட்டு இருந்தாரு. மூச்சு விடல. காத்தாடி போடக் கூடாதுங்க, ஈயம் சட்டுனு ஆறிடும். சித்திரை மாசம். என் கழுத்துல வேர்வை ஓடுது, இவர் துண்டால ஒத்தி ஒத்தி எடுக்கறாரு. முடிச்சு, காப்பி சிடியப் போட்டோம். கார் ஓட ஆரம்பிச்சுது டிவில. இவர் எந்திரிச்சு அங்கியே ஒரு குதி குதிச்சாரு.

ரெண்டாவது பெட்டியோ மூணாவது பெட்டியோ, அப்பத்தான் அது நடந்துச்சு. பெட்டி குடுத்தவரு ஒரு பேங்க்கு மேனேஜரு, சொல்லாம கொள்ளாம உள்ள வந்துட்டாரு. நான் கையில ஈயம் உருக்கற அயர்ன் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், பெட்டி பிரிச்சுக் கெடக்குது. "என்ன மாதேஸ்வரன், எம்பெட்டியப் பொம்பளைகிட்டயா குடுத்திருக்கீங்க?"ன்னாரு. பிரிச்சது பிரிச்சபடியே தூக்கிட்டுப் போயிட்டாரு. இவருக்கு மொகம் சுருங்கிப் போச்சு. அன்னைக்குச் சாயங்காலம் நாந்தாங்க சொன்னேன். இத நான் மறைக்க மாட்டேன். "நடுவுல ஒரு திரைச்சீலை கட்டுங்க. நான் உள்ள இருந்து செய்யறேன். கேட்டா நீங்க செஞ்சதா சொல்லிக்கோங்க. யாரு செஞ்சா என்ன, குடும்பத்துக்குத்தான?"ன்னு. இவர் வேண்டாம்னாரு. ஒரு வாரம் வேண்டாம்னாரு. அப்புறம் கட்டினாரு. பச்சைத் துணி, பூப் போட்டது. எம்பொடவைதான் அது.

அதுக்கப்புறம் ஏழெட்டு வருஷம். மக பள்ளிக்கூடம் போனதும் நான் திரைக்கு உள்ள போயிடுவேன். இவர் வெளிய உக்காந்து பேசுவாரு. பேரு பரவிடுச்சு. சேலம் மாஸ்டர்னு சொன்னா தருமபுரி, நாமக்கல், ஈரோட்லேருந்தெல்லாம் தெரியும். அறுநூறு பெட்டிக்கு மேல போட்டிருப்பேன். ஒண்ணுகூடச் செத்ததில்லங்க. ஒண்ணுகூட.

வெளிய பேசறது எனக்கு உள்ள கேக்கும். "எப்படிங்க மாஸ்டர் இவ்வளவு சன்னமா ஒட்டறீங்க?" "அது கை பழக்கம்ங்க. மூச்ச உள்ள புடிச்சுக்கணும்." நான் சொல்றதுதாங்க அது. நான் சோறு போடும்போது சொன்னத அப்படியே சொல்வாரு. மொதல்ல எனக்குச் சிரிப்பா வரும். சாயங்காலம் ரெண்டு பேரும் சொல்லிச் சொல்லி சிரிப்போம். அப்புறம் சொல்லிச் சிரிக்கறது நின்னு போச்சு. எப்ப நின்னுச்சுன்னு தெரியல. ஒரு நாள் பாக்கறேன், இவர் வெரல்ல பிளாஸ்திரி ஒட்டியிருக்காரு. என்னங்க காயம்னு கேட்டா, ஒண்ணுமில்லன்னுட்டாரு. வெளிய யாரோ கேக்கறாங்க, "சுட்டுக்கிட்டீங்களா மாஸ்டர்?" "தொழில்னா சுடத்தான் செய்யும்"னு இவர் சொல்றாரு. என் வெரலப் பாருங்க. தடவித்தான் பாருங்களேன். இந்த நுனியில ஒணர்ச்சியே கெடையாது. நான் ஒரு நாளும் பிளாஸ்திரி ஒட்டினதில்ல.

கோவம் வந்துச்சான்னு கேக்கறீங்களா? இல்லங்க. அவர் மேல எனக்குக் கோவமே கெடையாது. நல்ல மனுசன். குடி கெடையாது, கை நீட்டினதில்ல. அவர ஒரு கொறை சொல்ல மாட்டேன்.

பெங்களூர்ல ஃபயாஸ் பாய்னு ஒருத்தரு. மூணு கடை வெச்சிருந்தாரு, கேம் பெட்டி விக்கறதுக்கே. இவரப் பத்திக் கேள்விப்பட்டு போன் பண்ணாரு. பெங்களூருக்கு வந்துடுங்க, மூணு கடைக்கும் ரிப்பேர் பூரா உங்க பொறுப்பு, தங்க வீடு தர்றோம், பாப்பாவ நல்ல பள்ளிக்கூடத்துல சேத்துக்கலாம். இவருக்குத் தல கால் புரியல. சரின்னுட்டாரு. எங்கிட்டச் சொன்னது சரின்னு சொன்ன பொறவு.

நானும் சந்தோசமாத்தான் இருந்தேன். இங்க திரைக்கு உள்ள செய்யறத அங்க வூட்ல செய்யப் போறேன், அவ்வளவுதான்னு நெனச்சேன். அப்புறம்தான் சொன்னாரு. அங்க கண்ணாடி ரூம் போட்டிருக்காங்களாம். அதுக்குள்ள உக்காந்துதான் வேலை செய்யணுமாம். சனங்க வெளிய நின்னு பாப்பாங்களாம், அப்பத்தான் நம்பிக்கை வருமாம்.

"அப்ப எப்படிங்க?"ன்னு கேட்டேன்.

"கத்துக்கறேன் ரத்னா. ஒரு மாசம் இருக்குதில்ல?"

பழைய போர்டு எடுத்துக் குடுத்தேன். உக்காந்தாரு. பாவம்ங்க, கை நடுங்குது. ஈயம் புளியங்கொட்டை மாதிரி உருண்டு நிக்குது. பத்து நாள் போராடி ரெண்டே ரெண்டு எடம் புடிபட்டுச்சு. கரண்டு வர்ற கம்பி ஒண்ணு, கிரவுண்டு கம்பி ஒண்ணு. அது ரெண்டும் பெரிய எடம், யாரு வேணா ஒட்டலாம். புடிபட்டதும் எங்கிட்ட ஓடி வந்து காட்டினாரு. எம்பொண்ணு பரீட்சை பேப்பரக் கொண்டாந்து காட்டுமே, அந்த மாதிரி. நல்லாத்தான் ஒட்டியிருந்தாரு. நல்லாருக்குன்னு சொன்னேன்.

"பாத்தியா? ரெண்டு வந்துச்சு, மீதி வராதா? அங்க போயி ஆறு மாசத்துல எல்லாம் வந்துடும். அப்புறம் நீ எதுக்குக் குனிஞ்சு குனிஞ்சு கழுத்தொடியணும்? நீ நிம்மதியா வூட்ல இரு."

எனக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்னாரு. அது எனக்குத் தெரியும்ங்க. ஆனா வூட்ல இருந்து நான் என்ன பண்ணுவேன்? காலைல திரைய நீக்கிட்டு உள்ள போனா, அயர்ன் சூடேறி, ஈயம் புடிக்கறதுக்குத் தடவற பேஸ்ட்டு வாசம் வரும் பாருங்க, அப்பத்தான் எனக்கு நான் ஒரு ஆளுன்னு தோணும். யாருக்கும் தெரிய வேண்டாம்ங்க. தெரியாமயே இருந்துட்டுப் போவட்டும். ஆனா கையில இருக்கணும் இல்ல? அதயும் எடுத்துக்கிட்டா? இத அவர்கிட்ட சொன்னேனான்னு கேக்காதீங்க. சொல்லல. எப்படிச் சொல்றது?

பாய் ஒரு நாள் நேர்ல வந்துட்டாரு. கையில ஒரு பெட்டி, அவரு தங்கச்சி புள்ளையோடது. "மாஸ்டர், உங்க கையால இதுக்குச் சிப்பு போடணும், நான் உக்காந்து பாக்கணும்"னாரு. மரியாதையான மனுசன், சந்தேகப்பட்டு வரல, ஆசப்பட்டு வந்தாரு. இவரு சமாளிச்சாரு. "பிரிச்சுத் தொடைக்கவே ரெண்டு மணி நேரம் ஆவும் பாய். சாப்பிட்டுட்டு உங்க சொந்தக்காரங்களப் பாத்துட்டு நாலு மணிக்கு வாங்க. முக்கியமான எடம் அப்பத்தான் வரும், பாக்கலாம்." அந்த ரெண்டு மணி நேரத்துல நான் பத்தொம்போது கம்பியையும் ஒட்டி வெச்சிடணும். நாலு மணிக்கு இவர் உக்காந்து கடைசி ரெண்டையும் பாய் கண்ணு முன்னாடி ஒட்டுவாரு. அதான் ஏற்பாடு.

மத்தியானம் எங்க வூட்லதான் சாப்பாடு. நான் பரிமாறறேன். பாய் இவர் கையப் புடிச்சுப் பாக்கறாரு. "இந்தக் கைக்குக் கம்பெனிக்காரனே சம்பளம் குடுக்கணும்"னாரு. அப்புறம் எம்பக்கம் திரும்பி, "உங்களுக்கும் கொஞ்சம் தெரியுமாம்மா இந்த வேலை?"ன்னு கேட்டாரு. நல்லா நெனவிருக்குது. ரசக் கிண்ணம் என் கையில இருக்குது. நான் இவரப் பாத்தேன்.

இவர் சிரிச்சாரு. "அவளுக்கா? ஸ்க்ரூ டிரைவர எந்தப் பக்கம் புடிக்கணும்னே தெரியாது பாய்."

பாயும் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களான்னு கேட்டேன்.

பாய் போனதும் எச்சி எலைகூட எடுக்கல. கடைக்குப் போயி திரைக்கு உள்ள உக்காந்தேன். பெட்டியப் பிரிச்சேன். ஒவ்வொரு கம்பியா ஒட்டிக்கிட்டு வந்தேன். கை நல்லாத்தான் ஓடுச்சு. பதினாறு முடிஞ்சுது. பதினேழாவது வந்துச்சு.

டிரை சால்டர்னு ஒண்ணு உண்டுங்க. பேஸ்ட்டு வெக்காம, சூடு ஏறாம, சும்மா ஈயத்த மேல தொட்டு எடுத்துட்டா, பாக்கறதுக்கு ஒட்டின மாதிரியே இருக்கும். பளபளன்னுகூட இருக்கும். ஆனா ஒட்டியிருக்காது. கம்பெனில நான் சேந்த மொத வாரமே அதப் பத்தித்தான் சொன்னாங்க, லைன்ல டிரை சால்டர் வந்தா சீட்டுக் கிழியும்னு.

கண்ணு மங்கலா இருந்துச்சு. பதினேழாவது கம்பி சரியாத் தெரியல. இப்படித்தான் நான் அவர்கிட்ட சொன்னேன். எம்மககிட்டயும் இப்படித்தான் சொன்னேன். பன்னெண்டு வருஷமா இதத்தான் சொல்றேன்.

உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, நீங்க யாரோ. கண்ணு நல்லாத்தாங்க இருந்துச்சு.

நாலு மணிக்குப் பாய் வந்தாரு. கடையில வழக்கமா வர்ற நாலஞ்சு பேரும் நிக்கறாங்க, மாஸ்டர் வேலை செய்யறதப் பாக்கணும்னு. இவரு உக்காந்து, மூச்சப் புடிச்சு, ரெண்டு கம்பியையும் ஒட்டினாரு. கை நடுங்கலைங்க. திரை ஓரமா நான் பாத்துக்கிட்டே இருந்தேன். நான் ஒட்டினாக்கூட அதவிட நல்லா ஒட்டியிருக்க மாட்டேன். அப்பத்தான் எனக்கு அய்யோன்னு இருந்துச்சு. பெட்டிய மூடி, சிடியப் போட்டாரு. டிவி செவப்பாச்சு.

சிடியத் தொடச்சுப் போட்டாரு. செவப்பு. வேற சிடி. அதுவும் செவப்பு. இவர் தலையத் திருப்பி திரையப் பாத்தாரு. ஒரே ஒரு தடவைதான். நான் வெளிய வந்து, தள்ளுங்கன்னு சொல்லிட்டு உக்காந்திருந்தா ரெண்டு நிமிசம்ங்க. ரெண்டு நிமிச வேலை. என் காலு நகரல.

பாய், "பரவால்ல மாஸ்டர், எல்லாருக்கும் ஒரு நாள் இப்படி ஆவும்"னாரு.

இவர் எந்திரிச்சு நின்னாரு. "இல்ல பாய். என் கையில சரக்கில்ல. நான் பெங்களூருக்கு வரல. மன்னிச்சுக்கோங்க"ன்னாரு. எல்லார் முன்னாடியும். எம்பேரச் சொல்லியிருக்கலாம் இல்ல? இவதான் சொதப்பிட்டான்னு சொல்லியிருக்கலாம். சொல்லல.

எல்லாரும் போன பொறவு உள்ள வந்தாரு. "என்னாச்சு ரத்னா?"ன்னு கேட்டாரு. கோவமெல்லாம் இல்ல. நான் கண்ணு மங்கல்னு சொன்னேன். அயர்ன் பிளக்க அவரே புடுங்கினாரு. "சரி"ன்னாரு. மறுநாள் நான் அந்தக் கம்பிய எடுத்து ஒழுங்கா ஒட்டினேன். கார் ஓடுச்சு. இவரே பெங்களூருக்குக் கொண்டு போயி குடுத்துட்டு வந்தாரு.

அடுத்த வாரம் என்னக் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிட்டுப் போனாரு. வண்டிய நிறுத்த எடமில்லன்னு வெளியவே நின்னாரு. உள்ள டெஸ்ட் பண்ணவரு, "உங்களுக்குக் கழுகுக் கண்ணும்மா, பவரே வேண்டாம்"னுட்டாரு. வெறுங்கையோட எப்படி வெளிய வர்றது? பவர் இல்லாத கண்ணாடியாப் பாத்து ஒண்ணு வாங்கிக்கிட்டேன். சின்ன பவர்தான், தூரத்துக்குன்னு சொன்னேன். அஞ்சாறு வருஷம் போட்டுக்கிட்டே இருந்தேன்ங்க அந்த வெத்துக் கண்ணாடிய. மூக்குல தழும்பே விழுந்துடுச்சு. தெனமும் காலைல அவர்தான் அதச் சட்டை நுனியில தொடச்சு எடுத்து வெப்பாரு. வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துப் பாத்துத் தொடைப்பாரு. அவருக்கு எங்க தெரியப் போவுதுன்னு நான் இருந்துட்டேன்.

என்னம்மா சிரிக்கறீங்க? சிரிக்கலையா. சரி.

அதுக்கப்புறம் சிப்பு வேலை தானா கொறைஞ்சு போச்சு. புதுப் பெட்டிங்க வந்துச்சு, அதுல வேற பூட்டு. புள்ளைங்க போன்லயே வெளையாட ஆரம்பிச்சுடுச்சுங்க. திரைய அவிழ்த்தோம். கடையில இப்ப போன் கவரு, சார்ஜரு விக்கறாரு. மகளக் கட்டிக் குடுத்தாச்சு. யாராச்சும் பழைய ஆளு வந்து, "மாஸ்டர், கேம் பெட்டி ஒண்ணு இருக்குது"ன்னா, "அந்த வேலைய விட்டாச்சு"ம்பாரு. பேச்சும் அப்பவே கொறைஞ்சு போச்சு. அந்த வாய் எங்க போச்சுன்னே தெரியல. பெங்களூர் போச்சேன்னு மனசுக்குள்ள வெச்சிருக்காருன்னு நெனச்சுக்கிட்டேன். எத்தனையோ நாள் சொல்லிடலாம்னு வாயெடுப்பேன். இவரு டிவியப் பாத்துக்கிட்டு இருப்பாரு. ஒரு வார்த்த, "அன்னைக்கு என்ன நடந்துச்சு"ன்னு மறுபடி ஒரே ஒரு தடவ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ங்க. கேக்கவே இல்லையே? எங்கொறை அதுதான்.

இன்னைக்குக் காலைல இங்க பேர் பதியற எடத்துல கம்ப்யூட்டர் பொண்ணு கேக்குது, "அம்மா என்ன வேலை பாக்கறீங்க?"

"வூட்லதான்"னேன். அப்படிச் சொல்லியே பழக்கம்.

இவர் பக்கத்துல நிக்கறாரு. "அப்படி எழுதாதீங்கம்மா"ன்னாரு. அந்தப் பொண்ணு நிமிந்து பாக்குது. "சால்டரிங் வேலை. கம்பெனில ஏழு வருஷம், எங்க கடையில ஏழெட்டு வருஷம். வீடியோ கேம் பெட்டிக்குச் சிப்பு போடறது. சேலத்துல அவங்க அளவுக்குப் போட்ட ஆளு கெடையாது. எல்லாம் அவங்க செஞ்சது. நான் ஒண்ணுகூடச் செஞ்சதில்ல."

அவங்க, அவங்கன்னு சொல்றாருங்க. பின்னாடி பத்துப் பதினஞ்சு பேரு வரிசையில நிக்கறாங்க. எனக்குக் கூச்சமாப் போச்சு. எதுக்குங்க இப்ப அதெல்லாம், அதுவும் ஆஸ்பத்திரில வந்து? சொல்ல வேண்டிய எடத்துல சொல்லல.

அந்தப் பொண்ணு டைப் அடிச்சுட்டு, "எப்போலேருந்து கண்ணு மங்கலா இருக்குது?"ன்னு கேட்டுச்சு.

நான், "பன்னெண்டு வருஷமா இருக்கும்மா"ன்னேன். அதுவும் பழக்கம்தான்.

"இல்லம்மா"ன்னாரு இவரு. "ஒன்றரை வருஷமாத்தான். அதுக்கு முன்னாடி அவங்க கண்ணு ரொம்ப நல்லா இருந்துச்சு. எனக்குத் தெரியும்."

எம்மொகத்தப் பாக்கலைங்க. ஒரு வார்த்த கோவமாச் சொல்லல. ஃபைலு வாங்கி எங்கையில குடுத்தாரு, இந்த பெஞ்சுக்குக் கூட்டியாந்து உக்கார வெச்சாரு, மருந்து விட்ட பொறவு டீ வாங்கிட்டு வர்றேன்னு போயிட்டாரு.

அப்பலேருந்து உக்காந்து கணக்குப் போடறேன். எப்பத் தெரிஞ்சிருக்கும்? அந்த வெத்துக் கண்ணாடியத் தொடச்சப்பவா? இல்ல, அந்தத் திரையப் பாத்தாரே, அப்பவேவா? அப்பவே தெரிஞ்சுதான் என் கையில சரக்கில்லன்னு சொன்னாரா? தெரிஞ்சுக்கிட்டா ஒரு மனுசன் பன்னெண்டு வருஷம் சும்மா இருந்தாரு? பேசாம இருந்தது கோவம்னு நான் நெனச்சேன். அது கோவமில்லன்னா வேற என்னங்க? நீங்க சின்ன வயசு, உங்கள கேட்டா என்ன தெரியும்.

உங்க மாமியாருக்காக உங்கள உள்ள கூப்பிடறாங்க போல. போங்கம்மா, போங்க. நல்லபடியா ஆவட்டும்.

யாரு, நீங்களா? செருப்புச் சத்தத்துலயே தெரிஞ்சுச்சு. இல்ல, தொறக்கல, மூடித்தான் இருக்கேன். இங்க இப்படி உக்காருங்க. கையக் குடுங்க. டீய அந்தப் பக்கம் வைங்க. ஏங்க, அந்தப் பதினேழாவது கம்பி இருக்குதில்ல…

ஆறினா ஆறட்டும்ங்க. மொதல்ல என்னச் சொல்லி முடிக்க விடுங்க.